பால்கனியே பட்டறை: முதல் புத்தக அலமாரிக்கு என்ன பிளைவுட், எப்படி வெட்டுவது?

நாலாம்மாடி:
வணக்கம். சென்னையில் வாடகை ஃபிளாட். வேலை செய்ய 8க்கு 4 அடி பால்கனி மட்டும்தான் இருக்கிறது. முதல் மரவேலையாகப் புத்தக அலமாரி செய்யப் போகிறேன். 6 அடி உயரம், 3 அடி அகலம், 12 மி.மீ. பிளைவுட் என்று நினைத்திருக்கிறேன். கையில் டிரில், டேப், சுத்தியல் உண்டு. சர்க்குலர் ரம்பம் வாங்க வேண்டுமா? கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் சத்தம் கூடாது. ஆணி அடித்தால் போதுமா?

ரீப்பர்:
ரம்பம் வாங்காதீர்கள். முதலில் அளவை மாற்றுங்கள். 3 அடி நீளத் தட்டு 12 மி.மீ.யில் நிற்காது. புத்தகம் வரிசையாக அடுக்கும்போது தட்டின் தொய்வு நீளத்தின் நான்காம் படியில் ஏறும், கனத்தின் மும்மடியில் இறங்கும். 60 செ.மீ. நீளம், 18 மி.மீ. கனத்தோடு ஒப்பிட்டால் உங்கள் தட்டு சுமார் 17 மடங்கு தொய்யும்.

18 மி.மீ.யில் ஒரே ஒரு 8க்கு 4 ஷீட் போதும். அது 2440 x 1220 மி.மீ. முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும், லிஃப்டிலும் ஏறாது. அதனால் கடையிலோ பக்கத்து மரவாடியிலோ பெரிய மேஜை ரம்பத்தில் வெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு 3 மி.மீ. தின்னும். இதையும் கணக்கில் சேர்த்து:

நீளவாக்கில் 300 மி.மீ. அகலத்தில் 4 பட்டை.
1, 2ஆம் பட்டை: தலா ஒரு 1800 (பக்கப் பலகை), ஒரு 600 (தட்டு).
3ஆம் பட்டை: 600 நீளத்தில் 4 தட்டு.
4ஆம் பட்டை: 600இல் 2, 322இல் 2. ஒரு 600 துண்டை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் 98 மி.மீ. பின்பட்டிகள் மூன்று. இன்னொன்றிலிருந்து, கீழ்த்தட்டின் அடியில் நிற்க 80 மி.மீ. அடிப்பட்டி இரண்டு. மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆறு தட்டும் ஒரே ஃபென்ஸ் (ரம்ப மேஜையில் அளவைப் பிடிக்கும் தடுப்பு) செட்டிங்கில் வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக டேப் பிடித்தால் ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) கூடும், ஒரு நூல் குறையும். அந்த ஒரு நூலில் அலமாரி கோணிவிடும். மேலே தெரியும் மரரேகை எப்போதும் தட்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் வலு குறையும்.

உளிச்சத்தம்:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். 18 என்று எழுதியிருக்கும் ஷீட் அளந்தால் 17.3 கூட இருக்கும். கடையிலேயே கனத்தை அளந்துவிட்டு அந்த 322ஐ முடிவு பண்ணுங்க. 1800இல் அடிப்பட்டி 80ஐயும் ஆறு தட்டின் கனத்தையும் கழித்து, ஐந்தால் வகுத்தால் இடைவெளி. 17.3 என்றால் 323 வரும். அந்த இரண்டு துண்டுதான் உங்களுக்கு அளவுகோல். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு ஓரத்திலும் நிறுத்தி மாட்டினால் டேப்பே வேண்டாம்.

ஆணி வேண்டவே வேண்டாம். சத்தம் ஒரு பக்கம், பிளைவுட் விளிம்பில் பிடிப்பும் இருக்காது. 8 நம்பர், 50 மி.மீ. ஸ்க்ரூ. தட்டின் ஒரு முனைக்கு 3 வீதம் 36, பட்டிகளுக்கு 20. 75 வாங்கி வைங்க. பக்கப் பலகையில் 4.5 மி.மீ. துளை, தட்டின் விளிம்பில் 3 மி.மீ. துளை. இந்த இரண்டாவது துளையைப் போடாமல் முறுக்கினால் ஸ்க்ரூ ஆப்பு மாதிரி நுழைந்து அடுக்குகளைப் பிரித்துவிடும். பிட் சாய்ந்தால் நுனி தட்டின் முகத்தில் எட்டிப்பார்க்கும். விளிம்பின் நடுவில், அதாவது 9 மி.மீ.யில், கோடு கிழித்து ஆணி முனையால் ஒரு புள்ளி குத்திவிட்டு டிரில் பிடிங்க. மிச்சத் துண்டில் பத்து துளை போட்டுப் பழகின பிறகு அலமாரியில் கை வைங்க.

பின்பக்கம் கீழே இருக்கிற மாதிரி தரையில் கிடத்தி, கீழ்த்தட்டிலிருந்து மேலே போங்க. முதலில் ஃபெவிகால் இல்லாமல் முழுசாகக் கோர்த்துப் பாருங்க. பிறகு பசை, ஸ்க்ரூ. பசை காயும் முன்னாடி இரண்டு மூலைவிட்டத்தையும் அளங்க. இரண்டும் சுமார் 1910 மி.மீ. வரணும், அதைவிட முக்கியம் இரண்டும் சமமாக வரணும். எது நீளமோ அந்த மூலைகளைக் கயிறு கட்டி இறுக்கினால் நேராகும். பின்பட்டிகளைக் கடைசியில், மேல், நடுத் தட்டுகளின் அடியிலும் கீழ்த்தட்டின் மேலேயும் பின்னோரமாக மாட்டுங்க. அது இல்லாத அலமாரி புத்தகம் ஏறினதும் பக்கவாட்டில் சாயும்.

நாலாம்மாடி:
மிக்க நன்றி. அகலத்தைக் குறைத்துவிட்டேன். பாலிஷ் வீட்டுக்குள்ளேயே அடிக்கலாமா? விளிம்பில் தெரியும் அடுக்குகளை என்ன செய்வது?

மஞ்சக்கடம்பு:
என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்), மெலமைன் பாலிஷ் இரண்டும் தின்னரில் கரைப்பவை. ஃபிளாட்டுக்குள் வேண்டாம். தண்ணீரில் கரையும் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் வாங்கி, மெல்லிசாக மூன்று கோட் பிரஷ்ஷால் அடியுங்கள். முதல் கோட்டில் மரநார் சிலிர்த்துக்கொண்டு சொரசொரப்பாகும். பயப்பட வேண்டாம். காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தடவினால் போய்விடும். அதற்கு முன் வெறும் மரத்துக்கு 180, 240 போதும், கையால், ரேகை போகும் திசையில். மேல் வெனீர் (மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மர அடுக்கு) அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் வைத்தால் ஒரே இடத்தில் தேய்ந்து அடியில் இருக்கும் சிவப்பு அடுக்கு தெரிந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. பிதுங்கிய ஃபெவிகாலை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். விட்டால் அந்த இடம் பாலிஷைக் குடிக்காமல் வெளுத்துத் தெரியும்.

விளிம்பை மறைக்க 18 x 6 மி.மீ. தேக்கு பீடிங் (மெல்லிய மரப்பட்டை). பசை தடவி, அரை அடிக்கு ஒரு இடத்தில் மாஸ்கிங் டேப்பை இறுக்கி இழுத்து ஒட்டினால் கிளாம்ப் தேவையில்லை. ஒரு இரவு விடுங்கள்.

தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் எடுங்கள். தேய்க்கும்போது என்95 மாஸ்க் கட்டாயம். பி.யூ.வுக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

கடைசியாக, மேல் பின்பட்டி வழியாகச் சுவரில் இரண்டு ஸ்க்ரூ, 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கோடு. வாடகை வீடு என்று இதை விட்டுவிடாதீர்கள். காலி செய்யும்போது அந்த இரண்டு துளையையும் வால் புட்டியால் அடைத்துவிடலாம். சுவரின் அடியில் ஸ்கர்ட்டிங் (துருத்தி நிற்கும் டைல் வரிசை) இருப்பதால் சுவருக்கும் பின்பட்டிக்கும் நடுவில் சந்து விழும். அந்த மிச்சத் துண்டிலிருந்து இரண்டு சின்னக் கட்டை வெட்டிச் சந்தில் கொடுத்து, அதன் வழியாக முறுக்குங்கள். மழைக்காலத்தில் சுவர் ஓதம் அடித்தாலும் அந்தச் சந்தில் காற்று ஓடும்.