ரேப்பர் கிளாஸுக்கு ஃபைனலைசர் வேண்டுமா?

நள்ளிரவு_நிரலர்:
சி-யில் எழுதிய பட நூலகம் ஒன்றுக்கு சி ஷார்ப்பில் ரேப்பர் (அதைக் கூப்பிட உதவும் மேலுறை கிளாஸ்) எழுதுகிறேன். படத்தைத் திறந்தால் ஒரு நேட்டிவ் பாயின்டர் (சி பக்கத்து மெமரியின் முகவரி) கிடைக்கும். வேலை முடிந்ததும் விடுவிக்க வேண்டும். அதற்குப் பயன்படுத்துபவர் கூப்பிடும் டிஸ்போஸ் எழுதியாச்சு, கூடவே ஜிசி (வேண்டாத மெமரியைத் தானாகத் திரட்டும் கார்பேஜ் கலெக்டர்) ஆப்ஜெக்ட்டைக் குப்பை என்று கண்டதும் ஓடும் ஒரு ஃபைனலைசரும் போட்டேன். ரிவ்யூ செய்தவர் அதை எடுக்கச் சொல்கிறார். பயன்படுத்துபவர் டிஸ்போஸை மறந்தால் என்ன செய்வது? நூலகம் எழுதுபவன்தான் கீழே வலை கட்டி வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

கைப்பிடி:
நான் ரிவ்யூ செய்தவர் கட்சி. உங்கள் ரேப்பர் 64 பிட்டில் 24 பைட். பின்னால் 40 எம்பி படம் இருப்பது ஜிசிக்குத் தெரியாது. நூறு படம் திறந்து மறந்தால் 4 ஜிபி போச்சு. ஜிசி கணக்கில் வெறும் 2,400 பைட். அது எதற்கு அவசரப்படப் போகிறது?

நள்ளிரவு_நிரலர்:
அதைச் சொல்லத்தான் ஆட்மெமரிபிரஷர் இருக்கிறதே. தாமதமாக விடுவித்தாலும், விடுவிக்காமலே போவதற்கு அது தேவலை.

கைப்பிடி:
தாமதம் பரவாயில்லை. முன்கூட்டியே விடுவித்துவிட்டால்? சிரிக்காதீர்கள், இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.

உங்கள் மெதட் பாயின்டரை எடுத்து நேட்டிவ் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறது. கொடுத்ததோடு 'திஸ்' (அந்த ரேப்பர் ஆப்ஜெக்ட்) தேவையில்லை. கூப்பிட்டவரும் அந்த ஆப்ஜெக்ட்டை இனி தொடப்போவதில்லை என்றால், ரிலீஸ் பில்டில் (வேகத்துக்காகச் செப்பனிட்ட பதிப்பு) ஜிசி அப்போதே அதைக் குப்பையாகக் கருதலாம். சி நிரல் படத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஃபைனலைசர் த்ரெட் வந்து அதே மெமரியை விடுவிக்கும். டிபக் பில்டில் (பிழை தேடுவதற்கான பதிப்பு) மெதட் முடியும்வரை ஆப்ஜெக்ட் உயிரோடு இருப்பதால் உங்கள் மெஷினில் இது தலைகாட்டாது.

யூசிங் (வேலை முடிந்ததும் டிஸ்போஸைத் தானே கூப்பிடும் வசதி) போட்டவருக்கு இந்த ஆபத்து இல்லை. கடைசியில் டிஸ்போஸ் கூப்பிட ஆப்ஜெக்ட் தேவை. மாட்டுவது, நீங்கள் யாருக்காக வலை கட்டினீர்களோ அந்த மறதிக்காரர்தான்.

நள்ளிரவு_நிரலர்:
அட! சரி, மெதட் கடைசியில் கீப்அலைவ் (அந்த வரிவரை ஆப்ஜெக்ட்டை உயிரோடு வைக்கும் கால்) போட்டால்?

கைப்பிடி:
ஒவ்வொரு மெதடிலும் போட வேண்டும், நீங்கள் மறக்காமல். அதற்குப் பதில் சேஃப்ஹேண்டில் என்ற ஆயத்த கிளாஸை எடுங்கள். 2005-இல் டாட்நெட் 2.0-வோடு வந்தது. பாயின்டரை அதற்குள் வைத்து ரிலீஸ்ஹேண்டிலையும் (விடுவிக்கும் வேலை) இஸ்இன்வேலிடையும் (பாயின்டர் செல்லாததா என்ற சோதனை) ஓவர்ரைடு செய்தால் போதும். நேட்டிவ் கால் முடியும்வரை ரெஃபரன்ஸ் கவுன்ட்டை (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) அதுவே ஏற்றி வைத்துக்கொள்ளும்.

ஜாவாக்காரன்:
பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஃபைனலைஸை 2017-இல், ஜாவா 9-லேயே ஓரங்கட்டிவிட்டார்கள். ஜாவா 18-இல் நீக்கப்போவதாகவே குறித்தாச்சு.

நள்ளிரவு_நிரலர்:
சேஃப்ஹேண்டிலுக்குள்ளும் ஃபைனலைசர் இருக்கிறதே, கைப்பிடி! அப்போ வலை வேண்டும் என்று நான் சொன்னது சரிதானே?

கைப்பிடி:
வலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கையால் பின்ன வேண்டாம் என்கிறேன்.

நள்ளிரவு_நிரலர்:
மாற்றிவிட்டேன். ஆனால் டிபக் பில்டில் மட்டும் ரேப்பருக்கு ஒரு ஃபைனலைசர் வைப்பேன், எதையும் விடுவிக்க அல்ல. டிஸ்போஸ் கூப்பிடாமல் போன ஆப்ஜெக்ட்டை எங்கே உருவாக்கினார்கள் என்ற ஸ்டாக் டிரேஸை லாகில் எழுத. சத்தமில்லாமல் துடைத்துவிட்டால் அவர்கள் எப்போது திருந்துவது?

கைப்பிடி:
இதை நானும் சுட்டுக்கொள்கிறேன். ரிலீஸ் பில்டில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கன்ஸ்ட்ரக்டரிலும் ஸ்டாக் டிரேஸ் எடுத்தால் வேகம் படுத்துவிடும்.