யெல்லோஸ்டோனில் நான்கு இரவு கூடாரம்: ஒரே இடம் போதுமா?

கேள்வி:
ஜூலையில் மனைவி, ஏழு வயது மகனோடு காரில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கூடாரத்தில் தங்குவது இதுதான் முதல் தடவை. மேடிசன் முகாமில் நான்கு இரவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. அங்கிருந்தே தினம் ஒரு பக்கமாகப் போய்வரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில்தான் தெரிகிறது. சரிப்பட்டு வருமா? மனைவிக்குக் கரடி பயம் வேறு.

பதில் 1:
வரைபடத்தை நம்பாதீர்கள் நண்பரே. பூங்காவைச் சுற்றும் சாலை 142 மைல், வேக வரம்பே பெரும்பாலும் 45 மைல்தான், அதிலும் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) கூட்டம் சாலையில் இறங்கிவிட்டால் நகரவே முடியாது. ஹேடன் பள்ளத்தாக்கில் ஒன்று எங்கள் கார்க் கதவை உரசுகிற மாதிரி நடந்து போனது, அதன் தாடியில் ஒட்டியிருந்த ஈரப் புல் வரை தெரிந்தது, மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காரை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் பீய்ச்சும் ஊற்றின் பக்கத்துக்கு மேடிசன் நல்ல இடம், 16 மைல்தான். ஆனால் ஓநாய் பார்க்க லாமார் பள்ளத்தாக்குக்கு விடியும் முன்பே போய்ச் சேர வேண்டும், அதற்கு மேடிசன் தூரம். இரண்டு இரவு மேடிசனில், இரண்டு இரவு கேன்யன் முகாமில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
கரடியை விடக் குளிருக்குத்தான் தயாராக வேண்டும். கேன்யன் கிட்டத்தட்ட 7,900 அடி உயரம், ஜூலையிலும் இரவில் உறைநிலை வரை இறங்கும். பையனுக்கு நல்ல உறக்கப்பை, அதைவிட முக்கியமாக அடியில் தடிமனான பாய். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரமாகும். அப்புறம் கரடி விஷயம்: சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு எல்லாமே இரும்புப் பெட்டிக்குள் அல்லது பூட்டிய காருக்குள் போக வேண்டும், கூடாரத்துக்குள் எதுவும் கூடாது. கரடி ஸ்ப்ரே (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) இடுப்பில் இருக்கட்டும், பைக்குள் கிடந்தால் பயனில்லை. கொசு மருந்து மாதிரி உடம்பிலோ கூடாரத்திலோ அடித்துவிடாதீர்கள், கரடி பாய்ந்து வரும்போது அதன் முகத்துக்கு நேராக அடிப்பது அது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி, இருவருக்கும். கேன்யனில் இப்போது இடமில்லை என்று காட்டுகிறது. வெந்நீர் ஊற்றுப் பக்கம் சின்னப் பையனைக் கூட்டிப் போகலாமா?

பதில் 1:
தினமும் பாருங்கள், யாராவது ரத்து செய்வார்கள். தாராளமாகக் கூட்டிப் போகலாம், மரப்பாதையை விட்டு இறங்காமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மேலே இருப்பது மெல்லிய ஓடு, கீழே கொதிநீர். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றின் நிறம் பக்கத்தில் நின்றால் முழுதாகத் தெரியாது. ஃபேரி ஃபால்ஸ் பாதையில் ஏறி மேலிருந்து பாருங்கள், காலை ஆவி கலைந்த பிறகு.