நேரில் போய்க் கேட்பதா, வீட்டிலேயே கேட்பதா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நல்ல ஹெட்போன், நல்ல ரெக்கார்டிங், இருட்டு அறை. பதினைந்து வருஷமாக எனக்கு இசை என்றால் இதுதான். அலைச்சலும் கூட்டமும் எதற்கு என்று எந்த நிகழ்ச்சிக்கும் போனதில்லை. போன வருஷம் தோழி ஒருத்தி விடாப்பிடியாக ஒரு செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன அரங்கம், மைக் கிடையாது. இரண்டாவது வரிசையில் இடம்.

வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன்னால் செல்லோ வாசித்தவர் மூக்கால் மூச்சை இழுத்தார். அது எனக்குக் கேட்டது. வில்லிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது. பாதியில் ஒரு தந்தி சுருதி இறங்கிவிட்டது. ஒரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு முறுக்காணியை மெல்லத் திருகினார். சுருதி சேரும்வரை அரங்கில் ஒருவரும் அசையவில்லை. நானும் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நூறு தடவை கேட்ட இசைதான். ஆனால் வீட்டில் கேட்கும்போது அது தவறிப்போகும் என்ற பயம் எனக்கு வந்ததே இல்லை. ரெக்கார்டிங்கில் தவறிய இடத்தை வெட்டி, வேறு தடவை வாசித்த டேக்கிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். கனடா பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1964இல், 31 வயதில், மேடையை விட்டே விலகி ஸ்டூடியோவுக்குள் போனதற்கு அந்த வசதியும் ஒரு காரணம். அவர் மீது எனக்கு அவ்வளவு மரியாதை. இருந்தாலும் அன்றைக்கு அந்த முறுக்காணி திரும்பியதைப் பார்த்த பிறகு, இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நிற்க மனசு வரவில்லை.

* * *

மேலே எழுதியவருக்குக் கிடைத்தது கொடுப்பினை. எனக்கு நடந்தது நேர் எதிர்.

மைதானத்தில் நடந்த பெரிய ராக் நிகழ்ச்சி. மேடையிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி நின்றிருப்பேன். பெரிய திரையில் டிரம்மரின் குச்சி இறங்கி, மறுபடி மேலே போன பிறகுதான் அடி காதுக்கு வந்து சேர்ந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும், அந்தத் தூரத்துக்குக் கால் நொடிக்கு மேல் ஆகும். ஒரு தடவை அதைக் கவனித்துவிட்டேன், அப்புறம் பாட்டில் மனசு போகவே இல்லை. பாடகர் குரலும் பேஸும் ஒன்றோடொன்று குழம்பி ஒரே இரைச்சல்.

வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் காதுக்குள் 'ஙொய்' என்று ரீங்காரம். இது சாதாரண விஷயமில்லை, தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி ஒலி அளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறை சொல்லியிருக்கிறது. இடத்துக்கு இடம் அதை யார் அளந்து பார்க்கிறார்கள்? காதடைப்பான் இல்லாமல் நான் இனி எங்கேயும் போகமாட்டேன்.

பீட்டில்ஸ் 1966 ஆகஸ்ட்டோடு சுற்றுப்பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள். ரசிகர்களின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே சரியாகக் கேட்காத நிலைமை. வாசித்தவர்களுக்கே கேட்கவில்லை என்றால், கடைசி வரிசையில் நின்றவருக்கு என்ன கேட்டிருக்கும்? அங்கே போனவர்கள் இசையைக் கேட்கப் போகவில்லை, அவர்களைப் பார்க்கத்தான் போனார்கள். அந்த ஆசை தப்பில்லை. பாட்டை முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் எனக்கு வீடுதான்.

* * *

இரண்டு பேர் சொன்னதும் சரி என்றே படுகிறது. அரங்கம் சின்னதா பெரிதா, மைக் உண்டா இல்லையா, எங்கே உட்காருகிறோம் என்பதையெல்லாம் பொறுத்தது. ஆனால் எனக்குக் கணக்கே வேறு.

அப்பாவுக்கு எழுபது தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார், "எல்லாம் தகரம் மாதிரி கேக்குதுடா" என்பார். ஸ்காட்லாந்துத் தாளக் கலைஞர் எவலின் கிளென்னி பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வைக் காலால் உணர்வதற்காக வெறுங்காலோடு தாளக்கருவி வாசிக்கிறவர். அதைப் படித்த பிறகுதான் அப்பாவை ஒரு ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகும் துணிச்சல் வந்தது. மரத்தரை போட்ட பழைய அரங்கம், முன்பக்கம் இடம் பிடித்தேன்.

செல்லோவைவிடப் பெரிய டபுள் பேஸ் வாத்தியங்கள் சேர்ந்து தாழ்ந்த ஸ்வரத்தில் இறங்கியபோது அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டார். கைப்பிடிக் கட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்குப் பக்கத்தில் அந்தக் கட்டைமேல் வைத்தார். "இங்க பாரு, வருது" என்றார்.

போன வாரம்கூடக் கேட்டார், அடுத்தது எப்போது என்று. டிக்கெட் எடுத்துவிட்டேன், அதே முன்வரிசை.