ஹான் காலத்துப் பச்சை ஜாடியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, ஹான் காலத்துச் (கி.மு. 206 – கி.பி. 220) சீனக் கல்லறை ஜாடி என்று சொல்லி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சிவந்த சுட்டமண், மேலே செம்பு கலந்த பச்சை ஈய மெருகு. இறந்தவரோடு புதைக்கவென்றே செய்கிற வகை. ஈயம் இருப்பதால் சாப்பாட்டுக்கு எப்படியும் ஆகாது!

வாய் விளிம்பில் மெருகுச் சொட்டுகள் உறைந்து நிற்கின்றன. அந்தக் காலத்தில் கவிழ்த்துவைத்துச் சுட்டதும் உண்டு என்பதால் அது சரி. என் சந்தேகமெல்லாம் தோள்பகுதியில் மினுங்கும் வெள்ளிப் படலத்தின் மேல்தான். மண்ணுக்குள் ஈரத்தில் கிடந்தால் ஈய மெருகு அரித்து அப்படி ஆகும், தெரியும். ஆனால் இது நகம் பட்டாலே தூளாக உதிர்கிறது. அசலிலும் இப்படி உதிருமா, இல்லை பூசிய வேலையா?

அப்புறம், வெப்ப ஒளிர்வுச் சோதனைக்கு (சுட்டமண் எப்போது சுடப்பட்டது என்று கணிக்கும் சோதனை) ஜாடியின் அடியில் துளையிட்டு மண் எடுப்பார்களே, அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஜாடி தாங்குமா? முன்பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்கிறேன்.