ஷோரூமில் ஆயில் மாற்றிக்கொண்டு வந்த மறுநாளே ஒழுகல்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மூன்றாம் கியர்:

சனிக்கிழமை கம்பெனி சர்வீஸில் விட்டு ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்றிக்கொண்டு வந்தேன். ஞாயிறு காலை வண்டியை நகர்த்தினால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. விரலால் தொட்டு முகர்ந்தேன். புது ஆயில், தேன் நிறம். ஏ.சி. தண்ணீர் என்று மனதைத் தேற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

திங்கள் திரும்பக் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றினார்கள். சர்வீஸ் அட்வைசர் கீழே போய் நின்று துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, "மாற்றும்போது சிந்தினதுதான் சார், லீக்கெல்லாம் இல்லை" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுவார்களே, அந்த ட்ரெயின் போல்ட்டின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு தொங்குவதை நான் பார்க்கிறேன். வாயைத் திறப்பதற்குள் விழுந்துவிட்டது. நேராக அவர் கையில் இருந்த ஜாப் கார்டின் மேல், வண்டிக்குச் செய்த வேலையெல்லாம் எழுதியிருக்கும் தாள். இரண்டு பேரும் பார்த்தோம். ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கி அனுப்பிவிட்டார்கள். போல்ட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் வளையம், அந்த வாஷர் மாற்றினீர்களா என்று கேட்டேன், பதில் இல்லை. ஒழுகியதைக்கூட விடுங்கள். அந்தத் தாளை எதற்கு மடித்தார்?

இரவுச்சவாரி:

எனக்கு ஃபில்டரில் வந்தது. சர்வீஸ் முடித்து ஏழெட்டு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, சிக்னலில் நிற்கும்போது தீய்ந்த வாடை. முன்னால் நிற்கும் லாரி என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். (இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.) கொஞ்ச தூரத்தில் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்கியது. எதிரில் பெட்ரோல் பங்க் தெரிந்தது, அங்கே போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். பின்னால் வந்த பைக்காரர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டிக் கீழே கை காட்டினார். வந்த வழி முழுக்கக் கறுப்புக் கோடு.

ஆயில் அளவு பார்க்கும் குச்சி, டிப்ஸ்டிக்கில் ஒன்றுமே ஒட்டவில்லை. மெக்கானிக் வந்து ஃபில்டரைக் கழற்றினார். அதன் ரப்பர் வளையம் நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் பக்கம் டார்ச் அடித்தால் இன்னொரு வளையம், பழைய ஃபில்டருடையது, கறுத்துப்போய் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் நெம்பி உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. பழைய வளையத்தைக் கவனிக்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருக்கிறார்கள். எஞ்சின் ஓடிப் பிரஷர் ஏறினால் இரட்டை வளையம் பிதுங்கத்தானே செய்யும்.

எஞ்சின் பிழைத்துவிட்டது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வரும் அந்த 'டிக் டிக்' சத்தம் முன்பே இருந்ததா, இல்லை அன்றைக்குப் பிறகு வந்ததா என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்.

பழைய டீசல்:

இரவுச்சவாரி, விளக்கு எரிந்த பிறகும் பங்க் வரை ஓட்டியது உங்கள் தப்பு. அந்த விளக்கு ஆயில் குறைந்திருக்கிறது என்று நினைவூட்ட வருவதில்லை. பிரஷரே விழுந்துவிட்டது என்று அர்த்தம். எரிந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்திருக்க வேண்டும். மெக்கானிக்கைத் திட்டும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கியர், அட்வைசர் சொன்னதை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒருமுறை சர்வீஸ் முடிந்து மூன்று நாள் சொட்டியது. கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரில் சிந்திய ஆயில் தேங்கி, மேடு ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது இன்னொரு பக்கம் என்று வழிந்துகொண்டிருந்தது. துடைத்தேன், நின்றுவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, எஞ்சின் ஆறிய பிறகு போல்ட்டைச் சுற்றியும் ஃபில்டரைச் சுற்றியும் அடித்துப் பளிச்சென்று துடையுங்கள். சாதாரணத் துணி போதாது, ஆயில் படலம் அப்படியே இருக்கும். அடியில் பெரிய அட்டை ஒன்றைப் போட்டு, முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று அதில் பேனாவால் கோடு போடுங்கள். காலையில் பொட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே ஊற்று எங்கே என்று பாதி தெரிந்துவிடும். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், அதனால் சொட்டும் இடத்துக்கு மேலேயும் முன்னாலேயும் தேடுங்கள். நின்ற வண்டியில் சொட்டினால் பெரும்பாலும் போல்ட். ஓடும்போது மட்டும் வந்தால் ஃபில்டர் பக்கம் சந்தேகப்படலாம். உள்ளே காகித ஃபில்டர் வைத்து மேலே பிளாஸ்டிக் மூடி திருகும் வகை என்றால், மூடியின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல மூடிகளில் எவ்வளவு இறுக்கமாக முறுக்க வேண்டும் என்பதை, 25 நியூட்டன் மீட்டர் என்று அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள், அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. தகர டப்பா ஃபில்டர் என்றால் ரப்பரில் புது ஆயிலைத் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டருக்கு அது போதும். சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் வம்பு, எஞ்சினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரைத்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு அப்புறம் சண்டைக்குப் போங்கள்.

இரவுச்சவாரி:

பழைய டீசல் அண்ணா, தப்பு என்னுடையது என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சினில் இரண்டாவது வளையத்தை ஒட்டிவைத்ததும் நானா?

குறுக்குச்சந்து:

என்னுடையது சின்ன விஷயம். ஆயில் ஊற்றும் மூடியைப் போடாமலே அனுப்பிவிட்டார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் ஆயில் மழை பெய்த மாதிரி. மூடி பேட்டரி ஓரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது, நானூறு கிலோமீட்டர் என்னோடு பயணம் செய்து.

நாலு போல்ட்:

மூன்றாம் கியர், "இன்னும் கொஞ்சம் முறுக்கி அனுப்பிவிட்டார்கள்" என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் கதை அங்கேதான் ஆரம்பித்தது. மரை கழன்ற கதை. (வண்டிக்குத்தான், எனக்கில்லை. ஆனால் கடைசியில் எனக்கும் கழன்றிருக்கும்.)

முதல் சர்வீஸுக்குப் பிறகு லேசான கசிவு. வாஷரை மாற்றாமல் முறுக்கினார்கள். அடுத்த சர்வீஸிலும் அதே. மூன்றாவது தடவை போன் வந்தது, நேரில் வாருங்கள் சார் என்று. போனால் மேஜை மேல் துணி விரித்து போல்ட்டை வைத்திருக்கிறார்கள். அதன் மரைக்குள் ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டு வெள்ளிக் கம்பி. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, அந்தச் சம்ப்பின் அலுமினிய மரை அப்படியே உரிந்து வந்திருக்கிறது. போல்ட் இரும்பு, சம்ப் அலுமினியம், மல்லுக்கட்டினால் யார் தோற்பார் என்று தெரிந்ததுதானே.

"வெளியில் எங்கேயோ ஏர் கன் (காற்றில் ஓடும் ஸ்பானர்) போட்டு முறுக்கியிருக்கிறார்கள், புது சம்ப் போட வேண்டும், பணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்றார் சூப்பர்வைசர். எல்லா சர்வீஸும் அவர்களிடமே, பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். வெளிச் சர்வீஸ் பில் ஒன்றாவது கிடைக்காதா என்று எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். எனக்கு மறக்காதது அந்தப் பின்பக்கம் பார்த்ததுதான்.

கடைசியில் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளைப் புது மரையாக வைத்துப் பழைய அளவு போல்ட்டையே போட்டுக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. ஒழுகல் இல்லை. அதனால் பழைய டீசல் சொல்வது போல அட்டை போட்டு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். இன்னொரு தடவை அதை முறுக்குவதற்குள் வாஷரை மாற்றச் சொல்லுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும் என்று நின்று சொல்லுங்கள்.

பழைய டீசல்:

அட்டை வேண்டாம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாஷர் மாற்றினாலும் அட்டை போடத்தான் வேண்டும்.

மூன்றாம் கியர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன். அதே அட்வைசர் தூரத்திலிருந்தே வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வேறொரு பையன் வந்தான், இருபது வயதுதான் இருக்கும். ஆயிலை வடித்துப் போல்ட்டைக் கழற்றினான். போல்ட்டோடு வாஷர் வரவில்லை. சம்ப்பின் முகத்தில் தடவிப் பார்த்து ஸ்க்ரூட்ரைவர் நுனியால் தட்டிவிட்டான், விழுந்தது. தகடு மாதிரி நசுங்கிப்போயிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "இதை மாற்றவே இல்லை சார்" என்றான். மரை நல்லவேளையாகப் போகவில்லை, அவனே டார்ச் அடித்துக் காட்டினான். புது வாஷர், புது ஆயில், டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொன்னதும் நிறுத்தினான். அவன் பெயரைப் புகாரில் எங்கும் எழுதப்போவதில்லை.

பழைய வாஷர் இப்போது என் கப் ஹோல்டரில் கிடக்கிறது. பழைய ஜாப் கார்டு கேட்டேன், சிஸ்டத்தில் இருக்கிறது என்று புதிதாக ஒன்று அச்சடித்துக் கொடுத்தார்கள். சுத்தமான தாள்.

அட்டையும் போட்டேன், பழைய டீசல். காலையில் ஒரு பொட்டு இருந்தது. மண்டியிட்டுத் தொட்டு, முகர்ந்து, விரலில் தேய்த்தும் பார்த்துவிட்டேன். ஏ.சி. தண்ணீர்.