8 மாதம் கொழும்பில் நின்றபிறகு, கணவர் வழி 3 வருடக் கணக்கில் என்-400 (அமெரிக்கப் பிரசாவுரிமை விண்ணப்பம்) போடலாமா?

கொழும்பு06 கேட்டது:

வணக்கம். இப்ப வெள்ளவத்தையில அம்மா வீட்டில நிக்கிறன். ஜனவரி 10 அமெரிக்கா திரும்புறன்.

கணவர் 2018 இலிருந்து அமெரிக்கப் பிரசை. நான் 2022 மார்ச் 10 போய் இறங்கினன், கிரீன் கார்டிலயும் அதே திகதிதான். முதல் கார்ட் 2 வருட நிபந்தனைக் கார்ட். அந்த நிபந்தனையை எடுக்கிற ஐ-751 விண்ணப்பம் நேரத்துக்குப் போட்டாச்சு, முடிவு இன்னும் வரேல்லை. வீடு நியூ ஜேர்சியில, வாடகை ஒப்பந்தத்தில இரண்டு பேற்ற பேரும் இருக்கு.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சு ஒப்பரேஷன் செய்ததால 2024 ஓகஸ்ட் 4 வெளிக்கிட்டு 2025 ஏப்ரல் 2 தான் திரும்பினன். வேலையில சம்பளமில்லா லீவு தந்தவை. இப்ப 2025 நவம்பர் 20 திரும்ப வந்தனான். 3 வருடம் போன மார்ச்சிலயே முடிஞ்சுதுதானே, ஜனவரியில போன கையோட விண்ணப்பம் போடலாமா? 6 மாதம் தாண்டினா எல்லாம் பூச்சியத்திலயிருந்து எண்டு ஒருத்தர் சொல்லுறார். இன்னொன்று, அந்த நேரம் இஞ்ச ஒரு டியூட்டரியில 3 மாதம் பின்னேர வகுப்பு எடுத்தனான். அதை எழுத வேணுமா?

படிவம்_பார்ப்பவர்:

அப்படிப் பூச்சியத்துக்குப் போகாது. நாட்கணக்கு (அமெரிக்காவில் நின்ற நாட்கள்) வேறு, தொடர் வதிவு (அமெரிக்காவையே விடாமல் வசிப்பிடமாக வைத்திருப்பது) வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் நாட்கணக்கு. விண்ணப்பம் போடும் நாளிலிருந்து பின்னோக்கி 3 வருடம் பார்ப்பார்கள். அதில் குறைந்தது 18 மாதம், அதாவது 548 நாள், அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். வெளிக்கிட்ட நாளும் திரும்பி இறங்கிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே சேரும். 2026 ஜனவரி 20 போடுகிறீர்கள் என்று வைத்தால் 3 வருடத்துக்கு 1,096 நாள். முதல் பயணத்தில் 240, இந்தப் பயணத்தில் 50, மொத்தம் 290 நாள் வெளியே. மிச்சம் 806. வேறு பயணம் இல்லையென்றால் இதில் உங்களுக்குத் தலையிடி இல்லை.

திகதி எழுதும்போது கவனம். கட்டுநாயக்க முத்திரையில் இருப்பது இலங்கைக்குள் நுழைந்த திகதி. வளைகுடா வழியாக வந்தால் அது அமெரிக்காவை விட்ட திகதிக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் இருக்கும். படிவம் கேட்பது அமெரிக்காவை விட்ட நாளும் திரும்பி நுழைந்த நாளும். டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் வைத்து எழுதுங்கள், முத்திரையைப் பார்த்து எழுத வேண்டாம்.

வதிவுக்கணக்கு:

சிக்கல் தொடர் வதிவில்தான் இருக்கு, அக்கா. ஒரே பயணம் 6 மாதத்தை (180 நாளை) தாண்டி ஒரு வருடத்துக்குள் முடிந்தால், வதிவு அறுந்துவிட்டது என்ற அனுமானத்தோடுதான் அதிகாரி தொடங்குவார். அது தீர்ப்பு இல்லை. நீங்கள் ஆதாரம் காட்டி உடைக்கலாம், ஆனால் காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது.

விதியிலேயே நான்கு விடயம் சொல்லப்பட்டிருக்கு: அமெரிக்க வேலையை விடவில்லை, நெருங்கிய குடும்பம் அங்கேயே இருந்தது, வீடு உங்கள் கையில் இருந்தது, வெளிநாட்டில் வேலை எடுக்கவில்லை. முதல் மூன்றும் உங்களுக்குப் பலம். நான்காவது, அந்த டியூட்டரி. கட்டாயம் எழுதுங்கள். தற்காலிகப் பின்னேர வகுப்பு மட்டும் வதிவை அறுக்காது. நான்கையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். மறைத்து, நேர்முகத்தில் சத்தியம் செய்தபின் வெளியே வந்தால் அது நன்னடத்தைக் கேள்வியாக மாறும். அதிலிருந்து மீள்வது இதைவிடப் பல மடங்கு கடினம்.

என் கணிப்பில் வேலைத்தலக் கடிதம்தான் முதல் ஆயுதம். லீவு தொடங்கிய திகதி, திரும்பி வேலைக்கு வந்த திகதி, இடையில் பதவி உங்களுக்காக வைக்கப்பட்டிருந்தது என்ற வரி, மூன்றும் அதில் இருக்கவேண்டும். "எங்களிடம் வேலை செய்கிறார்" என்ற பொதுக்கடிதம் உதவாது. அடுத்தது அந்த 8 மாதத்தையும் மூடுகிற வாடகை ஒப்பந்தம், மின்கட்டண பில், கார் இன்ஷூரன்ஸ், கூட்டு வங்கிக் கணக்கின் மாத அறிக்கைகள். வரி விபரத்தை ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித் திணைக்களம்) தரும் டிரான்ஸ்கிரிப்டாகவே எடுங்கள். அந்த வருடம் வதிவற்றவர் என்று வரி கட்டியிருந்தால் வதிவைக் கைவிட்டதாகவே அனுமானிப்பார்கள், அதை முதலில் சரிபாருங்கள்.

போன காரணத்துக்கு அம்மாவின் டயக்னோசிஸ் கார்ட், ஒப்பரேஷன் திகதி, பிசியோதெரபி பதிவு. கொழும்பில் நிற்கும்போதே ஆஸ்பத்திரியில் பிரதி எடுத்துவிடுங்கள், அங்கேயிருந்து தொலைபேசியில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. முதலில் எடுத்த ரிட்டர்ன் டிக்கெட் 6 மாதத்துக்குள் திரும்புவதாக இருந்து பிறகு மாற்றியிருந்தால், அந்தப் பழைய டிக்கெட்டையும் வையுங்கள். போகும்போது உங்கள் எண்ணம் என்ன என்பதை அது காட்டும்.

திம்பிரிகஸ்யாய:

மேலே சொல்லாத ஒன்று. 3 வருட வழி என்றால் அந்த 3 வருடமும் கணவரோடு குடும்பமாக வாழ்ந்திருக்கவேண்டும், அவரும் அந்த 3 வருடமும் பிரசையாக இருந்திருக்கவேண்டும். அம்மாவைப் பார்க்க வந்தது பிரிவு இல்லை. ஆனால் 8 மாதம் வேறு வேறு நாட்டில் இருந்ததால் கேள்வி வரும். கூட்டு வரி, கூட்டுக் கணக்கு, அந்தக் காலத்தில் அவர் இங்கே வந்து போயிருந்தால் அவருடைய டிக்கெட், எல்லாம் ஒரே கோப்பில் போடுங்கள்.

திருமணம் கொழும்பில் பதிந்ததா? சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்து, ஓரக் குறிப்பு உட்பட ஒன்றும் விடக்கூடாது. மொழிபெயர்ப்பு சரியானது, தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையொப்பமிடவேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இந்த வரியைத் தாமாகப் போடுவதில்லை, கேட்டு வாங்குங்கள்.

ஐ-751 நிலுவையில் இருந்தாலும் என்-400 போடத் தடையில்லை. முதல் அதற்கு முடிவெடுத்தபின்தான், அல்லது இரண்டையும் சேர்த்துத்தான், இதை முடிப்பார்கள். அதனால் திருமண ஆதாரம் இரட்டிப்பாகப் பயன்படும்.

புதுக்கடை12:

இடையில் ஒரு கேள்வி. அண்ணா 14 மாதம் இங்கே நின்று 2024 ஜூலை 15 திரும்பினவர். மறுநுழைவு அனுமதி கையில் இருந்தது. அவருக்கும் அண்ணி வழி 3 வருடம்தான். அனுமதி இருந்ததால் பாதிப்பில்லைத்தானே?

வதிவுக்கணக்கு:

பாதிப்பு இருக்கு. மறுநுழைவு அனுமதி காப்பாற்றுவது கிரீன் கார்டை மட்டும்தான். ஒரு வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து வெளியே இருந்தால் பிரசாவுரிமைக்கான தொடர் வதிவு அறுந்தே போகும், காரணம் சொல்லி உடைக்க இடமில்லை. அப்படி அறாமல் காக்க என்-470 என்று ஒரு படிவம் உண்டு. ஆனால் அது அமெரிக்க அரசு, அமெரிக்க நிறுவனம் போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்காக வெளியே போகிறவர்களுக்கு, குடும்பக் காரணத்துக்கு இல்லை.

அண்ணாவுக்குத் திரும்பிய நாளிலிருந்து 2 வருடமும் 1 நாளும் கழித்து, 2026 ஜூலை 16 முதல் போடலாம். ஆனால் அன்றிலிருந்து பின்னோக்கி 3 வருடம் பார்த்தால் 6 மாதத்துக்கு மேல் வெளியே நின்ற காலம் இன்னும் கணக்குக்குள் விழும். ஆகவே அக்காவைப் போல அவரும் அனுமானத்தை உடைக்கவேண்டும். அந்தப் பேச்சே வேண்டாம் என்றால் 2 வருடம் 6 மாதம் 1 நாள், 2027 ஜனவரி 16. நாளாக எண்ணினால் அன்றும் வெளியே நின்றது 181 நாள் வரும், அதனால் ஒரு கிழமை தள்ளிப் போடுவது புத்தி.

கொழும்பு06:

மிச்சம் நன்றி. அப்ப நானும் பொறுத்திருந்து போட்டா இந்தக் கேள்வியே வராதா? மறுத்தால் கார்டுக்கு ஏதும் நடக்குமா? அம்மாவோட இன்னும் கொஞ்சம் நிக்கவும் யோசிக்கிறன்.

வதிவுக்கணக்கு:

பொறுத்தால், அதே கணக்குப்படி 2027 ஒக்டோபர் நடுப்பகுதி. கணவர் வழி இல்லாத பொதுவான 5 வருட வழிக்கு மாறி லாபமில்லை, அதே பயணம் அங்கும் உள்ளே விழும், காத்திருப்புத்தான் நீளும். லீவுக் கடிதமும் வீட்டுப் பத்திரமும் கையில் இருந்தால் நான் பொறுக்கச் சொல்லமாட்டேன். மறுத்தால் கட்டணம் திரும்ப வராது (இணையத்தில் 710 டொலர், தாளில் 760). 30 நாளுக்குள் என்-336 மூலம் மீள்விசாரணை கேட்கலாம், அல்லது பிறகு புதிதாகப் போடலாம். தொடர் வதிவு போதாது என்ற மறுப்பு கார்டைப் பறிக்காது. வாழ்வதே கொழும்பில்தான் என்று அதிகாரி நினைத்தால் மட்டுமே கார்ட் பற்றிய பேச்சு எழும்.

அதனால்தான் இந்தப் பயணம் முக்கியம். நவம்பர் 20 இலிருந்து 180 நாள் மே 19 இல் முடிகிறது. சட்டப்படி அதுவரை நிற்கலாம். ஆனால் 8 மாதம் நின்று, 7 மாதம் அங்கே இருந்து, மறுபடி 6 மாதம் இங்கே என்றால் "அம்மாவின் ஒப்பரேஷனுக்காக ஒரு தடவை" என்ற உங்கள் விளக்கம் பலமிழந்துவிடும். ஜனவரி 10 ஐ மாற்றாதீர்கள். போட்டபின்பும் உறுதிமொழி எடுக்கும் வரை வதிவு தொடரவேண்டும். கைரேகை, நேர்முகம் இரண்டும் அங்கேதான், தபாலைக் கணவர் திறந்து பார்க்கட்டும்.

படிவம்_பார்ப்பவர்:

2025 ஒக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ போடுகிறவர்களுக்குப் புதிய குடியியல் பரீட்சை: 128 கேள்வியிலிருந்து 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்கவேண்டும். பழைய 100 கேள்விப் புத்தகத்தைப் படிக்காதீர்கள்.

திம்பிரிகஸ்யாய:

இலங்கைப் பிரசாவுரிமையையும் இப்பவே யோசியுங்கள். அமெரிக்க உறுதிமொழி எடுத்தால் அது தானாகப் போய்விடும். அதற்கு முன்பே தக்கவைக்க விண்ணப்பிக்கலாம், போனபின் மீளப்பெறவும் வழி உண்டு. இரண்டுக்கும் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம்தான். அம்மாவின் வீடோ காணியோ உங்கள் பெயருக்கு வர இருந்தால், ஜனவரி 10 க்கு முதல் அங்கே ஒருநாள் போய் ஆவணப் பட்டியலை வாங்கிக்கொண்டு போங்கள்.