பழைய திங்க்பேடுக்குப் பெயர் தெரியாத கம்பெனி ராம் போடலாமா?

பக்கவடிவம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது லெனோவோ திங்க்பேட் டி480, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஐ5 எட்டாம் தலைமுறை, எஸ்எஸ்டி இருக்கிறது, ராம் மட்டும் 8 ஜிபி. வீட்டில் இருந்தபடி பதிப்பகங்களுக்குப் புத்தக லேஅவுட் செய்து கொடுக்கிறேன். இன்டிசைனில் ஒரு பெரிய நாவல், ஃபோட்டோஷாப்பில் அதன் அட்டை, குரோமில் எழுத்தாளர் திருத்தம் போட்டு அனுப்பிய பிடிஎஃப், இந்த மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் போதும், ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்கவே காத்திருக்க வேண்டியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் மெமரி 95 சதவீதத்தில் நிற்கிறது, ப்ராசஸர் சும்மா இருக்கிறது. ஆகவே குறை ராமில்தான் என்று தெளிவாகத் தெரிகிறது.

கடையில் 16 ஜிபி கேட்டேன். லெனோவோ பெயர் போட்டதற்கு ஒரு விலை, கிங்ஸ்டனுக்கு ஒரு விலை, நான் கேள்வியே பட்டிராத ஒரு பெயருக்கு கிங்ஸ்டனில் கிட்டத்தட்டப் பாதி விலை. இப்போது ராம் விலை ஏறிக் கிடக்கும் நிலையில் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிய தொகை. மலிவானதைப் போட்டால் மதர்போர்டு போய்விடுமா? அதில் வேகம் 3200 என்று அச்சடித்திருக்கிறது, என்னுடைய லேப்டாப் 2400 என்கிறது, ஒத்துப்போகுமா? இருக்கும் 8 ஜிபியைக் கழற்றாமல் பக்கத்து ஸ்லாட்டில் இதைச் சேர்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள்நகரம் பதில்:

தாராளமாகப் போடலாம். வீட்டில் இரண்டு லேப்டாப்பிலும் மலிவு ராம்தான், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. லெனோவோ பெயர் போட்டதை வாங்குவது வீண் செலவு, லெனோவோ ராம் தயாரிப்பதே இல்லை. பேசாமல் வாங்கி மாட்டுங்கள்.

சர்வீஸ்பெஞ்ச் பதில்:

மேலே சொன்னவர் சொன்னதில் பாதி சரி. லெனோவோ ராம் தயாரிப்பதில்லை என்பது உண்மை, ஆனால் "பேசாமல் வாங்கி மாட்டுங்கள்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லேப்டாப் சர்வீஸ்தான் என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகத்தில் மெமரி சிப் தயாரிப்பவர்களில் பெரியவர்கள் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். கிங்ஸ்டன், ஏடேட்டா, கோர்சேர் எல்லோரும் சிப்பை வெளியே வாங்கிப் பலகையில் பதித்து, சோதித்து, தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்பவர்கள். மைக்ரானும் குரூசியல் என்ற பெயரில் நேரடியாகக் கடைகளுக்கு விற்றுவந்தது, அந்த வியாபாரத்தை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். ஆக, பெயர் தெரியாத ராமிலும் இந்த மூவரில் ஒருவரின் சிப் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்தத் தரத்துச் சிப் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆலையில் எல்லாச் சிப்பும் ஒரே தரத்தில் வெளிவருவதில்லை. முதல் தரத்துக்குத் தேறாதவற்றைக் குறைந்த விலைக்குத் தள்ளுவது இந்தத் தொழிலில் வெளிப்படையாக நடப்பது, மைக்ரானே அப்படிப்பட்டவற்றை ஸ்பெக்டெக் என்ற தனிப் பெயரில் விற்கிறது. அதையெல்லாம் குப்பை என்று சொல்ல முடியாது, பல வருடம் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பழைய பலகைகளிலிருந்து பிடுங்கிய சிப்பை மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்து விற்பதும் நடக்கிறது, அதுதான் ஆபத்து. நல்ல கம்பெனிக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் சோதனைக்கும் வாரண்டிக்கும். மலிவாக வாங்கினால் அந்தச் சோதனையை நீங்கள் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

மதர்போர்டு பயம் தேவையில்லை. உங்கள் லேப்டாப்புக்கு வேண்டியது டிடிஆர்4 என்ற வகை, லேப்டாப்புக்கான டிடிஆர்4 ராம் 1.2 வோல்ட்டில் ஓடுபவை, பெயர் தெரிந்ததோ தெரியாததோ வித்தியாசம் இல்லை. தவறான வகையை மாட்டவும் முடியாது, டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262, நடுவில் உள்ள வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றி மாட்டுவதில்தான் போர்டு போகும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

3200 போட்டால் அது 2400-ல் ஓடும். ராம் பலகையில் ஒரு குட்டிச் சிப் உண்டு, அதில் அந்த ராமின் கொள்ளளவு, வேகம், டைமிங் எல்லாம் எழுதியிருக்கும், லேப்டாப் கிளம்பும்போது அதைப் படித்துத் தனக்குத் தோதான வேகத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் ப்ராசஸர் 2400-க்கு மேல் போகாது, அதனால் 3200-க்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள், விலை ஒன்றாக இருந்தால் வாங்குங்கள்.

8 ஜிபியைக் கழற்ற வேண்டாம். டி480-ல் இரண்டு ஸ்லாட். 8-ம் 16-ம் சேர்ந்தால் முதல் 16 ஜிபி, அதாவது இரண்டிலிருந்தும் எட்டெட்டு, டூயல் சேனலில், அதாவது இரண்டு ராமையும் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் இரட்டை வழியில் ஓடும், மீதி 8 ஒற்றைச் சேனலில் ஓடும். உங்கள் மெஷினில் கிராஃபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இப்போது ஒரே ராமாக இருப்பதால் அதுவும் பாதி வழியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை மாட்டினால் திரை நகர்வதிலேயே வித்தியாசம் தெரியும்.

இனி ஸ்டிக்கரைப் படிப்பது. "16ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி4" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். 2ஆர்எக்ஸ்8 என்றால் இரண்டு ரேங்க் (சிப் தொகுதி), எட்டு பிட் சிப்கள், பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு சிப் இருக்க வேண்டும். உங்கள் டி480 மாதிரி 2018 காலத்து மெஷினுக்கு இந்த வகைதான் ரொம்பப் பொருத்தம். 1ஆர்எக்ஸ்16 என்று இருந்தால் நான்கே நான்கு சிப் இருக்கும், 8 ஜிபி ராமில் இப்போது அதிகம் வருகிறது, செலவு குறைவு, ஆனால் சிப்புக்குள் தகவலைப் பிரித்து வைக்கும் பகுதிகள் (பேங்க் குரூப்) பாதியாக இருப்பதால் வேகம் கொஞ்சம் குறையும். ஸ்டிக்கரில் இந்த வரியே இல்லாமல் வெறும் கம்பெனிப் பெயரும் "16ஜிபி டிடிஆர்4"-ம் மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன். ஸ்டிக்கர் ஓரத்தில் தெரியும் சிப்பையும் பாருங்கள். சாம்சங் டிடிஆர்4 சிப்பின் எண் கே4ஏ என்று தொடங்கும், ஹைனிக்ஸ் ஹெச்5ஏஎன், மைக்ரான் என்றால் டி9 என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறி. ஒரே பலகையில் எல்லாச் சிப்பிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்து மங்கலாகவோ சிப்புக்குச் சிப் வேறாகவோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நிலாமுற்றம் பதில்:

சர்வீஸ்பெஞ்ச் சொன்ன சோதனையை நான் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ராம் கெட்டிருந்தால் லேப்டாப் உடனே நீலத்திரை காட்டி நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது வேறு. ஆன்லைனில் வாங்கிய ஒரு மலிவு ராம், விண்டோஸ் கிளம்பியது, 16 ஜிபி என்று சரியாகக் காட்டியது, சில வாரம் எந்தக் குறையும் தெரியவில்லை. அப்புறம் பெரிய ஜிப் ஃபைல்கள் திறக்கும்போது சிஆர்சி பிழை, அதாவது ஃபைல் சிதைந்திருக்கிறது என்ற அறிவிப்பு, வர ஆரம்பித்தது. அதே ஃபைலை மறுபடி திறந்தால் சில சமயம் சரியாக வரும். ஹார்டு டிஸ்க்தான் போகிறது என்று நினைத்து பேக்கப் எடுத்தேன், ஆனால் பேக்கப் எடுத்ததே அந்த ராம் வழியாகத்தானே, சில படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாக வந்துவிட்டது. மூலத்தை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தது.

பெரும்பாலான லேப்டாப்பில் ஈசிசி ராம் கிடையாது, அதாவது ஒரு பிட் புரண்டால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை, புரண்டதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிடும். பக்கவடிவம், நீங்கள் வைத்திருப்பது இன்னொருவர் எழுதிய புத்தகம். அச்சுக்குப் போன பிறகு ஒரு படம் சிதைந்திருப்பது தெரிந்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். மலிவு ராம் வேண்டாம் என்று சொல்லவில்லை, திருப்பிக் கொடுக்க முடியாத இடத்தில் வாங்காதீர்கள், சோதிக்காமல் வேலைக்கு வைக்காதீர்கள்.

பக்கவடிவம்:

எல்லோருக்கும் நன்றி. நிலாமுற்றம் சொன்ன சாம்பல் பட்டை விஷயம் நிஜமாகவே பயமுறுத்திவிட்டது. கடைக்காரரிடம் பேசிவிட்டேன், ஏழு நாளுக்குள் பிழை வந்தால் மாற்றித் தருகிறேன், பில்லிலேயே எழுதித் தருகிறேன் என்கிறார். ராமைக் கையில் வாங்கிப் பார்த்தேன், 2ஆர்எக்ஸ்8 என்றுதான் இருக்கிறது, சிப்பில் ஹெச்5ஏஎன் தெரிகிறது. சோதனையை எப்படிச் செய்வது, எவ்வளவு நேரம் ஓட விடுவது? நானே மாட்டிவிடலாமா, இல்லை கடையிலேயே மாட்டச் சொல்லவா?

சர்வீஸ்பெஞ்ச் பதில்:

பில்லில் எழுதி வாங்குவது நல்லது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்று ஒரு பக்கம் உண்டு, முன்பு சொன்ன ராம் பலகையின் குட்டிச் சிப்பைப் படித்து, அங்கே பலகை யாருடையது, சிப் யாருடையது, எந்த வாரம் தயாரானது என்றெல்லாம் காட்டும். பார்த்து வையுங்கள், ஆனால் அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் குட்டிச் சிப்பில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுத முடியும்.

டி480-ல் நீங்களே மாட்டலாம். முதலில் பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் வரும் அமைப்புத் திரை) போய், கான்ஃபிக், அதற்குள் பவர், அதில் உள் பேட்டரியை நிறுத்தும் தேர்வு இருக்கும், அதைக் கொடுத்தால் மெஷின் தானாக அணைந்துவிடும். இந்த மாடலில் வெளியே கழற்றுகிற பேட்டரி தவிர உள்ளேயும் ஒன்று உண்டு, பலர் பின்னால் இருப்பதை மட்டும் கழற்றிவிட்டுக் கை வைக்கிறார்கள், போர்டு போவது அங்கேதான். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கி, வெளி பேட்டரியையும் கழற்றுங்கள். அடிமூடியில் ஆறு திருகு, அவை முழுதாகக் கழன்று விழாது, தளர்ந்து மூடியிலேயே நிற்கும். ராமின் தங்க நிறப் பற்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து, சாய்வாக ஸ்லாட்டுக்குள் அழுத்துங்கள், பற்கள் கிட்டத்தட்ட முழுதும் உள்ளே மறைய வேண்டும். பிறகு கீழே அமுக்கினால் இருபக்கக் கொக்கியும் க்ளிக் என்று பிடிக்கும். பாதி நுழைந்த நிலையில் அமுக்கிவிட்டு "ராம் வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம். முதல் தடவை போட்டதும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருக்கும், புது ராமுக்கு டைமிங் சரிபார்த்துக்கொண்டிருக்கும், பதறி அணைத்துவிடாதீர்கள்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ், இலவசம். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கிளப்ப வேண்டும், செக்யூர் பூட் (அங்கீகரிக்காத மென்பொருள் கிளம்புவதைத் தடுக்கும் பாதுகாப்பு) தடுத்தால் பயாஸில் அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். முதல் இரவு புது ராமை மட்டும் தனியாக மாட்டி ஓட்டுங்கள், மறுநாள் இரவு இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் தனித்தனியாகத் தேறி, சேர்ந்தால் தகராறு செய்வதும் உண்டு. பிழை வந்தால் சிவப்பு வரியாக வரும், எந்த முகவரி, என்ன இருக்க வேண்டும், என்ன இருந்தது என்று. ஒரே ஒரு வரி வந்தாலும் ஸ்லாட்டை மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டுங்கள், பிழை ராமோடு கூடவே வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை" என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், நல்ல ராமில் எண்ணிக்கை பூஜ்யம்தான். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனை அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அது விட்ட பிழையை மெம்டெஸ்ட் பிடித்ததை நிறைய தடவை பார்த்திருக்கிறேன்.

வாழைத்தோட்டம்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது டி480எஸ், இதே முறை எனக்கும் பொருந்துமா? அப்புறம் அப்பாவிடம் நான்காம் தலைமுறை ஐ3 லேப்டாப் ஒன்று, டிடிஆர்3, 4 ஜிபி. அதற்கு வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டிடிஆர்3 ராமைப் போடலாமா?

சர்வீஸ்பெஞ்ச் பதில்:

டி480எஸ்-ல் ஒரு பகுதி ராம் போர்டிலேயே பற்றவைத்தது, ஸ்லாட் ஒன்றுதான், அதில் போடுவதை மட்டும் மாற்றலாம். போர்டில் இருப்பது கெட்டால் எதுவும் செய்ய முடியாது, அதனால் புது ராமைச் சோதிக்கும்போதே அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்பா லேப்டாப்புக்கு, சும்மா கிடக்கும் ராமின் ஸ்டிக்கரில் பிசி3-க்குப் பின்னால் எல் இருக்கிறதா என்று பாருங்கள். எல் இருந்தால் 1.35 வோல்ட், போடலாம். எல் இல்லாதது 1.5 வோல்ட், நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் அதை ஏற்காது, கிளம்பாமல் நிற்கும். ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள், அந்தத் தலைமுறை 16 ஜிபி டிடிஆர்3 ராமை எடுத்துக்கொள்ளாது. அதில் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க் ஓடுகிறது என்றால் கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், ராம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.